மூட்டை முடிச்சு

கும்பினிக் கிடங்கில் கன்னம் வைத்தது இரண்டுபேர்.
உடையாண்டியும் நானும்.
எடுத்தது பதினேழு கட்டுச் சலவைத்துணி.
விற்றது நாலு.
பிடிபட்டது பெத்தநாயக்கன்பேட்டைக் கள்ளுக்கடை வாசலில்,
நடக்க முடியாத நிலையில்.

கோட்டைக்குள் நிறுத்தினார்கள்.
துரைமார் தலையில் யாருடையதோ மயிர்.
துபாஷி சொன்னான்:
"இரண்டுபேருக்கும் கயிறு.
பழைய ஆள் போன மழையில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான்.
அந்த வேலைக்கு ஒருவன் ஒப்பினால்
அவனுக்குக் கயிற்றின் இன்னொரு முனை."

உடையாண்டி துப்பினான்.
மறுப்பு என்று எழுதிக்கொண்டார்கள்.
நான் வாயே திறக்கவில்லை.
சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.
பெயர் கேட்டான் கணக்கன்.
மாசிலான் என்றேன்.
எழுதும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கோட்டைக்கு வடக்கே, மணலில், பனந்தூண்கள்.
பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர்
துணி உலரும்வரை வேலையில்லாத வண்ணார்கள்.
கூடையோடு ஒருத்தி மாங்காய் விற்றாள்.
ஏணியில் அவன் எனக்கு இரண்டு படி மேலே.
திரும்பிக் கயிற்றைப் பார்த்தான்.
"சரியாப் போடுடா.
மூட்டை கட்டுறப்பவே உன் முடிச்சு நழுவும்.
காதுக்குக் கீழே. இடப்பக்கம்."

போட்டேன்.
நழுவவில்லை.

செத்தவன் உடுத்தியது எனக்குச் சேரும், அது வழக்கம்.
உடையாண்டியின் வேட்டி கிடங்குத் துணி என்று
கும்பினி திரும்ப எடுத்துக்கொண்டது.

மாதம் ஒரு வராகன்.
அரிசிக்கடைச் செட்டி எனக்கென்றே
கொட்டாங்கச்சியில் மஞ்சள்நீர் வைத்திருக்கிறான்.
அதில் விழுந்து மூழ்கி எழுந்தால்தான்
என் காசு காசு.
நாவிதன் வருவதில்லை. சடைச்சிதான் மழிக்கிறாள்.
கத்தி தொண்டைக்கு வரும்போது
இரண்டுபேரும் மூச்சை நிறுத்திக்கொள்கிறோம்.
ஏன் என்று பேசிக்கொண்டதில்லை.

தெருவில் எதிரே யார் வந்தாலும்
கண் தானாக நிறுத்துவிடுகிறது.
ஐந்து மணங்கு. ஐந்தரை.
பல்லக்கில் போகிறவர் ஒன்பது,
புதுக் கயிறு வேண்டும்.

பகலில் என் நிழலுக்குக் குளிக்கிறவர்கள்
இருட்டியதும் ஆளனுப்புகிறார்கள்.
தூக்கில் போனவன் கயிறு, ஒரு சாண்.
வலிப்புக்கு, குளிர்காய்ச்சலுக்கு,
வழக்கு ஜெயிக்க, நிற்காத பிள்ளை நிற்க.
எட்டு வருஷத்தில் என் கையில் பதினொரு கழுத்து.
விற்ற சாண்களை முடிந்தால்
கோட்டையிலிருந்து சாந்தோம்வரை போகும்.
மசூலாப் படகு தைக்கிற தேங்காய்நார்தான்.
கொஞ்சம் விளக்கெண்ணெய், கொஞ்சம் அடுப்புக்கரி.
அந்தக் கயிற்றில் யாரும் செத்ததில்லை.
பிழைத்தவர்கள் உண்டு.
வாழைத்தாரும் வந்திருக்கிறது, பெயர் சொல்லாமல்.

ஐப்பசியில் முனிச்சிக்குக் காய்ச்சல்.
நாலாம் நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை.
"கயிறு ஒரு துண்டு கட்டேன்" என்றாள் சடைச்சி.
"அது படகுக் கயிறுடி."
"தெரியும்.
கூரை மூங்கிலுக்குள்ள சொருகி வச்சிருக்கியே,
அதைக் கேக்கறேன்."

எட்டு வருஷம் அவள் அதன் கீழேதான்
உலை வைத்திருக்கிறாள்.

எடுத்தேன். சணல் கயிறு, கப்பலில் வந்தது.
கரையான் ஒரு பக்கம் தின்றிருந்தது.
பிள்ளையின் இடக்கையில் சுற்றி முடிச்சிட்டேன்.
நழுவியது.
மறுபடி இட்டேன்.
நழுவியது.
பதினொருபேருக்குப் பிசகாத கை.
"தள்ளு" என்று சடைச்சி வாங்கிக் கட்டினாள்,
அழுக்குத்துணி மூட்டைக்குக் கட்டுவதுபோல, பல்லால் இழுத்து.

விடியும்போது வேர்த்தது.
கயிறா, கஞ்சியா, எனக்குத் தெரியாது.
உடையாண்டிக்கு நன்றி சொல்லவேண்டுமா என்றும் தெரியவில்லை.
சொன்னால் துப்புவான்.

வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்று
கோட்டைச் சேவகன் கூப்பிட்டான்.
வியாழக்கிழமை ஒருத்தன். பறங்கி மாலுமி.
கனமான ஆளா என்று கேட்டேன்.
"எனக்கென்ன தெரியும்" என்றான்,
"நீ வந்து பாரு."